உடைப்பை அடைப்பது யார் பொறுப்பு?

கணினியில் ஓட்டை என்றால் அது படித்தவர் விவகாரம், பாட்டாளிக்கு அதில் என்ன வேலை என்று கேட்போர் உண்டு. மணவாளக்குறிச்சி மணல் ஆலைத் தொழிலாளியின் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கிருந்து வருகிறது? மீனவர் குடிசைக்குக் கட்டிய வரி எங்கே பதிவாகிறது? அரசாங்கக் கணினியில்தானே! அந்தக் கோப்புகள் முடங்கினால் ஒரு நாள் கூலியை இழந்து வரிசையில் நிற்கப்போகிறவன் ஏழைதான்.

இது வெறும் கற்பனையல்ல. 2017 மே 12ஆம் நாள் 'வானாகிரை' என்னும் நச்சுநிரல் கிளம்பிற்று. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளின் கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்கு 300 டாலர் கப்பம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. மூன்றே நாளில் நம் பக்கத்துக் கேரளத்தில், வயநாடு, பத்தனம்திட்டை மாவட்டப் பஞ்சாயத்து அலுவலகங்களிலும் அது நுழைந்தது.

ஓட்டை எது? விண்டோஸில் கோப்புகளைப் பகிரும் பகுதி, கோப்போடு வரும் விவரப் பட்டியலின் அளவைத் தப்பாகக் கணக்கிட்டது. மூன்று மரக்கால் கொள்ளும் கடவத்தில் நாலு மரக்கால் நெல்லைக் கொட்டினால் மிச்சம் களத்தில் சிந்தும். இங்கே சிந்தியது நெல்லல்ல, திருடனின் கட்டளை!

இந்த ஓட்டையைப் புகும் வழியாக்கிய கருவி, அமெரிக்க உளவு நிறுவனமான என்.எஸ்.ஏ.யிடமிருந்து களவு போனது என்று மைக்ரோசாஃப்ட் தலைவர் பிராட் ஸ்மித்தே அறிவித்தார். அடைக்க வேண்டிய ஓட்டையை ஆயுதமாகப் பதுக்கினார்கள்; அடி வாங்கியது ஊர்ப் பஞ்சாயத்து!

கம்பெனி மட்டும் யோக்கியமா? மார்ச் 14ஆம் நாளே திருத்தம் வந்தது. ஆனால் பழைய எக்ஸ்பி வைத்திருந்தோரில் தனிக் கட்டணம் கட்டியவருக்கே பாதுகாப்பு. மற்றவர்க்கு ஊர் தீப்பற்றிய பிறகுதான் தரும சிந்தனை பிறந்தது.

திறந்த நிரலிலும் ஓட்டை உண்டு, மறுக்கவில்லை. எழுதக்கூடாத கோப்பில் எவரும் எழுதலாம் என்ற பிழை லினக்ஸில் இருந்தது. மாக்ஸ் கெல்லர்மான் என்பவர் அதைக் கண்டுபிடித்து, 2022 பிப்ரவரி 20ஆம் நாள் திருத்தத்தோடு தெரிவித்தார். 23ஆம் நாள் அது எல்லோர்க்கும் இலவசமாய் வெளிவந்தது. மூன்று நாள்! நிரல் பொதுச்சொத்தானால் கண்டவன் கைவைத்துத் திருத்தலாம்.

ஆயினும் திருத்தம் வெளிவந்தால் மட்டும் போதுமா? 2017இல் வீழ்ந்தவற்றுள் பெரும்பாலானவை, வந்த திருத்தத்தைப் போடாத கணினிகளே. உடனே குமாஸ்தாவின் தலையில் பழியைப் போடுவார்கள். அவருக்கு ஆள் கொடுத்தார்களா? நேரம் கொடுத்தார்களா? பழுதுபார்க்கப் பணம் ஒதுக்கினார்களா?

ஆளவந்தாரை நாம் கேட்பது மூன்று. பொது அலுவலகக் கணினி ஒவ்வொன்றுக்கும் திருத்தம் போடும் பொறுப்பு ஊதியத்தோடு கூடிய வேலையாக வேண்டும். மக்கள் பதிவேடுகளின் நகல், வலைப்பின்னலுக்கு வெளியே தனியே காக்கப்பட வேண்டும். ஆதரவு முடிந்த கணினியை, முடியும் முன்பே மாற்ற வேண்டும்.

நாஞ்சில் நாட்டு உழவன் மழை வருமுன் குளக்கரையைப் பார்க்கிறான். கரை உடைந்து வயல் மூழ்கிய பிறகு மண்வெட்டி தேடுகிறவனை ஊர் என்ன சொல்லும்? அதையே அரசாங்கத்துக்கும் சொல்லுவோம்.