எம்ஏஹெச்சை நம்பாதீங்க, பெருக்கிப் பாருங்க!

"மச்சி, 20,000 எம்ஏஹெச் பவர் பேங்க் எடுத்துட்டேன். இனிமே பஸ்ல, ட்ரெயின்ல எங்க போனாலும் லேப்டாப்பை நாலு தடவை ஃபுல் பண்ணலாம்!"

சிம்போசியத்துக்குக் கிளம்பும்போதும், ஆஃப்-கேம்பஸ் டிரைவுக்குக் கிளம்பும்போதும் ஹாஸ்டல் வராண்டாவில் இந்த வசனம் கட்டாயம் கேட்கும். சொல்றவர் பெரும்பாலும் ட்ரிபிள்-இ அல்லது ஈசிஇ. அதுதான் வேடிக்கை. பவர் என்றால் வோல்டேஜ் பெருக்கல் கரண்ட் என்று முதல் வருஷமே எழுதி மார்க் வாங்கியவர்கள் நாம். ஆனால் சொந்தக் காசு இரண்டாயிரம், மூவாயிரம் போட்டு ஒரு பொருள் வாங்கும்போது மட்டும் அந்தப் பெருக்கலை மறந்துவிடுகிறோம்.

பவர் பேங்க் வாங்காதீங்கன்னு சொல்ல வரலை. எம்ஏஹெச் என்ற ஒரே எண்ணைப் பார்த்து லேப்டாப்புக்கு பவர் பேங்க் வாங்காதீங்க என்பதுதான் என் கட்சி. பார்க்க வேண்டிய எண்கள் வேறு இரண்டு: வாட்-அவர், வாட். முதலாவது எவ்வளவு இருக்கு என்று சொல்லும். இரண்டாவது எவ்வளவு வேகமாகக் கொடுக்கும் என்று சொல்லும்.

'நாலு தடவை' எங்கிருந்து வந்தது?

உங்க லேப்டாப் பேட்டரி லேபிளில் 11.4 வோல்ட், 4,400 எம்ஏஹெச் என்று போட்டிருக்கு என்று வைத்துக்கொள்வோம். 20,000-ஐ 4,400-ஆல் வகுத்தால் நாலரை வருது. நண்பர் போட்ட கணக்கு இதுதான். ஆனால் பவர் பேங்க் மேல் இருக்கிற 20,000, உள்ளே இருக்கும் லித்தியம் செல்லின் வோல்டேஜில், அதாவது சுமார் 3.7 வோல்ட்டில் சொன்ன கணக்கு. லேப்டாப்பில் மூன்று செல்களைத் தொடராக இணைத்திருப்பதால் வோல்டேஜ் மூன்று மடங்கு.

மொட்டை மாடி தண்ணீர் டேங்க்கை நினைச்சுக்கோங்க. எம்ஏஹெச் என்பது லிட்டர். வோல்ட் என்பது டேங்க் இருக்கும் உயரம். 3.7 மீட்டர் உயரத்தில் 20,000 லிட்டர் ஒரு பக்கம், 11.4 மீட்டர் உயரத்தில் 4,400 லிட்டர் இன்னொரு பக்கம். லிட்டரை மட்டும் வைத்து இரண்டையும் ஒப்பிட்டால் ஆற்றல் கணக்கு எப்படிச் சரியாகும்?

பெருக்கிப் பார்ப்போம். பவர் பேங்க்: 20 ஆம்பியர்-அவர் × 3.7 வோல்ட் = 74 வாட்-அவர். லேப்டாப்: 4.4 × 11.4 = சுமார் 50 வாட்-அவர். நாலரை தடவை இப்பவே ஒன்றரை தடவையாகச் சுருங்கிவிட்டது. இன்னும் முடியலை. 3.7 வோல்ட்டை லேப்டாப் கேட்கும் 20 வோல்ட்டுக்கு ஏற்றும்போது கன்வர்ட்டரில் கொஞ்சம் சூடாகப் போகும். மொத்தத்தில் 15 முதல் 20 சதவீதம் இழப்பு என்று வைத்தால், வெளியே வருவது 60 வாட்-அவர் அளவுதான். லேப்டாப் உள்ளே இருக்கும் சார்ஜிங் சர்க்யூட்டும் தன் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். ஆக, 'நாலு தடவை' என்பது உண்மையில் 'ஒரு தடவை, மேலே கொஞ்சம்'.

பவர் பேங்க்கைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் 'ரேட்டட் கெப்பாசிட்டி: 12,000 எம்ஏஹெச், 5 வோல்ட்' என்பது மாதிரி ஒரு வரி இருக்கும். "20,000-னு சொல்லி 12,000 கொடுத்து ஏமாத்திட்டாங்க" என்று திட்டுபவர்கள் உண்டு. 12 × 5 = 60 வாட்-அவர். நாம் மேலே போட்ட அதே விடை! ஏமாற்று அந்தப் பொடி எழுத்தில் இல்லை. முன்பக்கம் பெரிய எழுத்தில், வோல்ட் சொல்லாமல் போடும் எண்ணில்தான் இருக்கு.

அடுத்த கேள்வி: எத்தனை வாட்?

டேங்க் பெருசா இருந்து குழாய் சின்னதா இருந்தால் பிரயோஜனம் இல்லை. பழைய மாடல் யுஎஸ்பி-ஏ போர்ட் 5 வோல்ட்டில் 10, 12 வாட் கொடுக்கும். போனுக்குப் போதும், லேப்டாப் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. லேப்டாப்புக்கு வேண்டியது யுஎஸ்பி-சி போர்ட்டும் 'பவர் டெலிவரி' என்ற பிடி வசதியும். இதில் பவர் பேங்க்கும் லேப்டாப்பும் முதலில் பேசிக்கொண்டு 5, 9, 15, 20 வோல்ட்டில் எது வேண்டும் என்று முடிவு செய்யும்.

சாதாரண மெல்லிய லேப்டாப்புக்கு 45 முதல் 65 வாட் தேவை. 20, 30 வாட் பவர் பேங்க் செருகினால் சில லேப்டாப் 'ஸ்லோ சார்ஜர்' என்று முணுமுணுத்துக்கொண்டே ஏற்றும், சில அடியோடு மறுத்துவிடும். கேமிங் லேப்டாப் கதையே வேறு. 180, 200 வாட் அடாப்டரோடு வருவதை சாதாரணப் பவர் பேங்க்கால் முழு வேகத்தில் ஓட்ட முடியாது.

வாங்கும் முன் மூன்று விஷயம் பாருங்க:

ஒன்று, உங்க லேப்டாப்பில் யுஎஸ்பி-சி ஓட்டை இருப்பதாலேயே அது வழியாக சார்ஜ் ஏறும் என்று அர்த்தமில்லை. டேட்டாவுக்கு மட்டும் உள்ள போர்ட்டும் உண்டு. மாடல் நம்பரைப் போட்டு கம்பெனி தரும் விவரத்தைப் படிங்க. உருண்டை பின் மட்டும் உள்ள லேப்டாப் என்றால், ஆன்லைனில் கிடைக்கும் கன்வர்ட்டர் கேபிளை நம்பி இறங்காதீங்க. சில லேப்டாப் தன் சொந்த அடாப்டரை அடையாளம் காணாவிட்டால் பேட்டரியை ஏற்றாது, ப்ராசஸர் வேகத்தையும் குறைத்துவிடும்.

இரண்டு, கேபிள். சாதாரண சி-டு-சி கேபிள் 3 ஆம்பியர் தாங்கும், அதாவது 60 வாட். 100 வாட் போக வேண்டும் என்றால் உள்ளே அடையாளச் சிப் உள்ள 5 ஆம்பியர் கேபிள் வேண்டும். போன் பாக்ஸில் வந்த கேபிளைப் போட்டுவிட்டு பவர் பேங்க்கைத் திட்டுவதில் நியாயமில்லை.

மூன்று, '65 வாட்' என்பது ஒரு போர்ட்டுக்கா, மொத்தத்துக்கா? பக்கத்து சீட் நண்பர் போனைச் செருகிய உடனே லேப்டாப்புக்குப் போவது 45 வாட்டாக இறங்கும் மாடல்கள் நிறைய இருக்கு.

எத்தனை மணி நேரம் வரும்?

இதற்கும் வகுத்தல்தான். ரிப்போர்ட் டைப் பண்ணுவது, பிடிஎஃப் படிப்பது போன்ற வேலைக்கு மெல்லிய லேப்டாப் சுமார் 10, 12 வாட் எடுக்கும். 60-ஐ 12-ஆல் வகுத்தால் ஐந்து மணி நேரம். அதே லேப்டாப்பில் சிமுலேஷன் ஓடவிட்டு 40 வாட் எடுத்தால் ஒன்றரை மணி நேரம்தான். பயணத்தில் எந்த வேலையைச் செய்வது என்று முடிவு செய்ய இந்த ஒரு வகுத்தல் போதும். கனமான சிமுலேஷனை ஹாஸ்டலிலேயே முடிச்சுட்டு, எழுத்து வேலையை ரயிலுக்கு வைங்க.

இன்னொரு சின்ன உத்தி. பலர் லேப்டாப் 5 சதவீதத்துக்கு இறங்கிய பிறகுதான் பவர் பேங்க்கை எடுப்பார்கள். லேப்டாப் கிட்டத்தட்ட ஃபுல்லாக இருக்கும்போதே செருகிவிட்டால், வரும் பவர் பெரும்பாலும் நேராக வேலைக்குப் போகும். பேட்டரியில் ஏற்றி, மறுபடி இறக்கும்போது ஆகும் இழப்பு மிச்சம். சூடும் குறையும்.

ரயிலிலும் விமானத்திலும்

ரயில் சாக்கெட் பக்கத்தில் 110 வோல்ட் என்று எழுதியிருப்பதைப் பார்த்து பயப்பட வேண்டாம். லேப்டாப் அடாப்டரில் 'இன்புட் 100–240' என்று இருந்தால் அது தாராளமாக எடுத்துக்கொள்ளும். சிக்கல் ராத்திரியில். தீ விபத்துகளைத் தடுக்க இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை சார்ஜிங் பாயின்ட்களை அணைத்து வைக்க வேண்டும் என்று ரயில்வே 2021-ல் வலியுறுத்தியது. பவர் பேங்க் உண்மையில் உதவும் நேரம் அதுதான். ஆனால் தீ பயம் பவர் பேங்க்குக்கும் சேர்த்துத்தான். தலையணைக்கு அடியிலும், போர்வைக்குள்ளும், ஜிப் போட்ட பைக்குள்ளும் வைத்து லேப்டாப்பை ஏற்றாதீங்க. 65 வாட் கொடுக்கும்போது அது சூடாகும், சூடு வெளியேற வழி வேண்டும்.

விமானத்தில் விதி தெளிவு. பவர் பேங்க் கையில் எடுத்துப் போகும் பையில்தான் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. 100 வாட்-அவர் வரை அனுமதி, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் தேவை, அதற்கு மேல் கிடையாது. கவனிச்சீங்களா, விமான நிறுவனம்கூட எம்ஏஹெச் கேட்பதில்லை! பெரிய பவர் பேங்க்குகள் 27,000 எம்ஏஹெச் பக்கத்தில் நின்றுவிடுவதற்குக் காரணமும் இதுதான். 27 × 3.7 = 99.9.

2025 ஜனவரி 28-ல் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் ஒன்று கிளம்பும் முன்பே தீப்பிடித்தது. பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்று விசாரணை சொன்னது. அந்த வருஷமே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஏப்ரல் முதலும், எமிரேட்ஸ் அக்டோபர் முதலும் விமானத்துக்குள் பவர் பேங்க் பயன்படுத்தி சார்ஜ் செய்வதைத் தடை செய்தன. ஆகவே 'பறக்கும்போது லேப்டாப் ஓட்டலாம்' என்பதற்காக மட்டும் வாங்குவதாக இருந்தால், டிக்கெட் போட்ட நிறுவனத்தின் விதியை முதலில் படிங்க.

தராசு பொய் சொல்லாது

'50,000 எம்ஏஹெச், வெறும் 699 ரூபாய்' என்று தெருக்கடையில் பார்த்தால் கையில் தூக்கிப் பாருங்க. ஒரு 18650 செல் 45 கிராமுக்கு மேல் எடை. நல்ல செல்லிலேயே பெரும்பாலும் 3,500 எம்ஏஹெச் பக்கம்தான். 50,000 வேண்டும் என்றால் குறைந்தது 14, 15 செல். செல் எடை மட்டுமே முக்கால் கிலோவுக்குக் கிட்ட வரும். பெட்டி 250 கிராம்தான் இருக்கு என்றால் மீதி எங்கே? உண்மையிலேயே 50,000 என்றால் அது 185 வாட்-அவர், விமானத்தில் ஏற்றவே மாட்டார்கள்.

அடுத்து, பிஐஎஸ் பதிவு. இந்தியாவில் பவர் பேங்க்குக்கு அது கட்டாயம். பொருளின் மேல் இருக்கும் 'ஆர்' என்று தொடங்கும் எண்ணை 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் போட்டால் யார் பெயரில் பதிவு என்று காட்டும். ஒரு நிமிஷ வேலை. பெரிய பிராண்ட் என்பதற்காகவும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம். ஆங்கர் நிறுவனம் 2025 ஜூனில் அமெரிக்காவில் மட்டும் 11 லட்சத்துக்கு மேல் பவர் பேங்க்குகளைத் திரும்பப் பெற்றது. உங்ககிட்ட இருக்கும் மாடல் அப்படி ஏதாவது பட்டியலில் இருக்கிறதா என்று ஒரு தடவை தேடிப் பாருங்க. உப்பிப் போனதை 'இன்னும் வேலை செய்யுதே' என்று வைத்துக்கொள்ளவும் வேண்டாம், குப்பைத் தொட்டியில் போடவும் வேண்டாம். இ-வேஸ்ட் சேகரிக்கும் இடத்தில் கொடுங்க.

எல்லாருக்கும் ஒன்று தேவையா?

இங்கேதான் நான் நண்பர்களோடு சண்டை போடுவேன். "ஆன்லைன் டெஸ்ட் நடுவுல லேப்டாப் அணைஞ்சா வேலையே போச்சு, அதுக்கு மூவாயிரம் பெருசா?" என்று கேட்பார்கள். பயம் நியாயமானது. ஆனால் லேப்டாப் ஏன் ஒரு மணி நேரத்தில் அணைகிறது என்று முதலில் கேளுங்க. விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுக்க ஒரு கமாண்ட் இருக்கு. தயாரிக்கும்போது இருந்த கொள்ளளவும், இப்போது ஃபுல் சார்ஜில் நிற்கும் அளவும் பக்கத்துப் பக்கத்தில் வரும், அதுவும் வாட்-அவர் கணக்கிலேயே. 50 இருந்தது 22 ஆகிவிட்டது என்றால் உங்களுக்குத் தேவை பவர் பேங்க் இல்லை, புது பேட்டரி. அதே பணத்துக்குப் பக்கமாக, பையில் கூடுதல் எடை இல்லாமல், தினமும் உதவும்.

பேட்டரி நல்லாத்தான் இருக்கு, வருஷத்தில் மூன்று, நாலு பயணம்தான் என்றால் ஆளுக்கு ஒன்று எதுக்கு? ஒவ்வொரு டிபார்ட்மென்ட் அசோசியேஷனும் 100 வாட் கொடுக்கும், 100 வாட்-அவருக்குள் அடங்கும் நல்ல பவர் பேங்க் இரண்டு வாங்கி, லைப்ரரி புத்தகம் மாதிரி கையெழுத்து வாங்கிக் கொடுக்கலாமே? மல்டிமீட்டரை அப்படித்தானே லேபில் வாங்குகிறோம். ஆளுக்கு மூவாயிரம் போட முடியாதவர்களும் நம்ம கிளாஸில் இருக்காங்க. சோதனைக்குப் போகும்போது சார்ஜ் தீர்ந்துபோகும் பயம் அவர்களுக்கும் இருக்கு. இந்த வருஷ சிம்போசியம் பட்ஜெட்டில் பேனருக்கும் ஃப்ளெக்ஸுக்கும் ஒதுக்குவதில் ஒரு பகுதி போதும்.

அதுவரைக்கும், வாங்கித்தான் ஆகணும் என்றால் கடைக்காரரிடம் "இது எத்தனை வாட்-அவர்? ஒரு போர்ட்டில் எத்தனை வாட்?" என்று கேளுங்க. அவருக்குத் தெரியாவிட்டால் பெட்டியைத் திருப்பி நீங்களே பெருக்குங்க. பத்து பேர் இப்படிக் கேட்டால் பதினோராவது ஆளுக்கு அவரே சொல்லிவிடுவார்.