மலையிலிருந்து கடலுக்கு: பாண்டிச்சேரிக்குத்தான் போக வேண்டுமா?

கோடை விடுமுறை விட்டதும் கீழ்நாட்டுக்காரர்கள் வேனையும் பைக்கையும் எடுத்துக்கொண்டு கல்வராயன் மலைக்கு ஏறி வருகிறார்கள். கரியாலூரில் படகு விடுகிறார்கள், பெரியார் அருவியில் குளிக்கிறார்கள், மேகம் அருவியைத் தேடிப் போகிறார்கள். அதே நேரத்தில் கரியாலூர் இளைஞர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? கடலைப் பார்க்கக் கீழே இறங்குகிறார்கள்! இக்கரைக்கு அக்கரை பச்சை என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

கடலுக்குப் போவதில் தப்பே இல்லை. ஆனால் எங்கே போகிறார்கள், போய் என்ன செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் பதில் ஒன்றுதான்: பாண்டிச்சேரி. விடியற்காலையில் கிளம்பி, உச்சி வெயிலில் போய் இறங்கி, காந்தி சிலை முன்னால் நாலு போட்டோ. பிறகு விலை மலிவு என்று பாட்டில். அந்தப் போதையோடு கடலில் குளியல். இரவு திரும்பும்போது வேனில் பாதிப் பேருக்கு நினைவே இருப்பதில்லை. கடலைப் பார்த்தார்களா என்றால், பார்த்தார்கள்... அவ்வளவுதான்.

பாண்டிச்சேரியைக் குறை சொல்வதற்கில்லை. மாலையில் வாகனங்கள் நின்ற பிறகு அந்தக் கடற்கரைச் சாலையில் நடப்பது தனி சுகம். ஆனால் நகரத்தை ஒட்டிய அந்தக் கரை பெரும்பாலும் பாறாங்கல் கொட்டிய கரை. அது நடக்கிற இடம், குளிக்கிற இடமல்ல. அது தெரியாமல் கல்லில் இறங்குகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

வணிகவியல் படிப்பவர்களுக்கு 'வாய்ப்புச் செலவு' என்ற சொல் தெரிந்திருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைவிடுகிற இன்னொன்றின் மதிப்புதான் அது. ஒரு நாளையும் வேன் வாடகையையும் பாண்டிச்சேரிக்குக் கொடுக்கும் கரியாலூர்க்காரர் கைவிடுவது எதை? தன் சொந்த ஆறு கடலில் சேரும் இடத்தை!

ஆம். கோமுகியும் மணிமுத்தாறும் பிறப்பது கல்வராயன் மலையில். இரண்டின் தண்ணீரும் கடைசியில் வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டை அருகே வங்கக் கடலில் சேருகிறது. மலையில் பெய்கிற மழைக்குக் கடலுக்கு வழி தெரியும். மலையில் இருக்கிற மனிதனுக்குத்தான் தெரியவில்லை. கச்சிராயபாளையம் பக்கம் கோமுகி அணை, விருத்தாசலத்தில் மணிமுத்தாற்றங்கரைக் கோயில், சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்று அணைக்கட்டு என்று ஆற்றோடு சேர்ந்தே பயணம் போகலாம்.

இன்னொரு சங்கதியும் உண்டு. 1993 வரை இந்த மலையும் அந்தக் கடலும் ஒரே மாவட்டம்தான். தென்னாற்காடு மாவட்டத்தின் தலைநகரம் கடலூர். கரியாலூர்க்காரர் கலெக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் கடலோரத்துக்குத்தான் போக வேண்டும். 1993இல் விழுப்புரம் மாவட்டம் பிரிந்த பிறகும் மரக்காணம் கடற்கரையாவது கூட இருந்தது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனதும் அந்தக் கடலும் போயிற்று. காகிதத்தில் பிரித்தாலும் ஆறு பிரியவில்லையே!

சரி, பரங்கிப்பேட்டைப் பக்கம் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு...

முதலில் பிச்சாவரம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிற அலையாத்திக் காடு. வேரைத் தண்ணீருக்கு மேலே ஊன்றி நிற்கும் சுரபுன்னை மரங்களுக்கு நடுவே துடுப்புப் படகில் போகலாம். 1975இல் வந்த எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி' எடுத்த இடம் என்பதால் தாத்தாக்களையும் கூட்டிப் போகலாம். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரமும் இங்கே உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, கிளையை ஒடிக்க வேண்டாம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது இந்தக் காடு தனக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்கு அரணாக நின்றது. மரம் வெட்டலாமா கூடாதா என்று மலையில் நடக்கும் வாதங்களுக்கு இந்த ஒரு காடே பதில்.

அடுத்து பரங்கிப்பேட்டை. போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று எல்லோரும் வந்து வியாபாரம் செய்த பழைய துறைமுகம். 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயர்களுக்கும் பெரிய போர் நடந்தது இங்கேதான். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையமும் இங்கேதான் இருக்கிறது. கடல் என்றால் அலை மட்டும்தான் என்று நினைக்கும் மாணவர்களுக்கு, அதை வைத்து ஒரு படிப்பே இருக்கிறது என்று தெரிவது சின்ன விஷயமல்ல.

எப்போது போவது என்பதும் முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. சிறிய நாட்டுப்படகுகள்தான் போகும். எனவே கோடை விடுமுறையில் போய் "மீன் விலை கொள்ளை" என்று புலம்பிப் பயனில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயலும். பொங்கல் கழிந்து மார்ச் வரை உள்ள நாட்கள் நல்ல நாட்கள். விடியலில் போய்ச் சேர்ந்தால் சூரியன் கடலிலிருந்து எழுவதைப் பார்க்கலாம். காலையில் படகு, பத்து மணியிலிருந்து நாலு மணி வரை நிழல், மாலையில் மணல் என்று பிரித்துக்கொண்டால் வெயில் எதிரியாகாது.

இப்போது மிக முக்கியமான ஒன்று. அருவியில் குளித்தவனுக்கும் கிணற்றில் நீந்தியவனுக்கும் கடல் தெரியாது. கரையில் உடையும் அலையைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். ஆளைக் கொண்டுபோவது அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடத்தில் உள்ளே திரும்பும் இழுப்பு. அதில் சிக்கினால் கரையை நோக்கிப் போராடக் கூடாது. களைத்துப் போவதுதான் மிச்சம். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். முடியாவிட்டால் மிதந்துகொண்டு கையை உயர்த்த வேண்டும். குடித்தவனால் இதில் எதையுமே செய்ய முடியாது. 2024 ஜூனில் கருணாபுரம் பக்கம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைச் சாராயத்துக்குக் கொடுத்த மாவட்டத்துக்கு இதைச் சொல்ல வேண்டியிருப்பதே வேதனை. நாலு பேர் போய் மூன்று பேர் திரும்பும் சுற்றுலா எந்த ஊருக்கும் வேண்டாம். இறங்கும் முன் அங்குள்ள மீனவரிடம் "அண்ணே, இங்க எறங்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். அவர் சொல்வதைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியாக, கரியாலூர்க்காரருக்கு மட்டும் புரியும் ஒரு விஷயம். கோடை முடிந்ததும் அருவிப் பாறைகளில் உடைந்த பாட்டில்களையும் நெகிழிப் பைகளையும் பார்த்து வயிறு எரிகிறவர்கள் அவர்கள். வெளியூர்க்காரன் வந்து ஊரை நாசம் செய்கிறான் என்று திட்டுகிறவர்கள். கடலோரத்தில் இறங்கிய நிமிடத்தில் அவர்களே வெளியூர்க்காரர்கள்! அங்கே வலை காயப்போடும் மணல் ஒருவருடைய வாசல். அங்கே குப்பை போடாமல் இருப்பதும், உள்ளூர் அக்காவிடம் மீன் வாங்கிச் சாப்பிடுவதும், படகுக்காரரிடம் அடாவடி செய்யாமல் இருப்பதும் பெரிய தியாகங்கள் அல்ல. மலையில் விருந்தாளியிடம் எதை எதிர்பார்க்கிறார்களோ, அதைக் கடலில் விருந்தாளியாகச் செய்தால் போதும்.

கோமுகியில் வீசிய பாட்டில் அணை திறக்கும் வெள்ளத்தில் ஒருநாள் பரங்கிப்பேட்டைக்குப் போய்ச் சேரலாம். அதற்கு முன்னால் மனிதர்கள் போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது. ஆறு போய்ச் சேரும் இடத்தைப் பார்த்தவர்கள், அது தொடங்கும் இடத்தில் குப்பை போட ஒரு நிமிடமாவது யோசிப்பார்கள்.