விசாவைப் பார்த்துவிட்டு பெட்டியைக் கட்டுங்கள்!

"எங்க வீட்டுப் பொண்ணு தாய்லாந்துல இங்கிலீஷ் டீச்சரா இருக்கா!" என்று என் அக்கா எங்கள் தெருவில் சொல்லாத வீடு கிடையாது. ஆறே மாதத்தில் அதே அக்கா, "யாராவது கேட்டா லீவுல வந்திருக்கான்னு சொல்லிடுடி" என்று என்னிடம் கண் கலங்கினாள்.

அக்கா மகள் எம்.ஏ., பி.எட்., படித்தவள். இங்கே மெட்ரிக் பள்ளியில் 12 ஆயிரம் ரூபாய் சம்பளம். 2024ல் ஏஜென்ட் ஒருவர், "மாசம் 70 ஆயிரம் கிடைக்கும். இப்ப இந்தியருக்கு அங்க விசாவே தேவையில்ல. முதல்ல போய் இறங்கும்மா, மத்ததெல்லாம் அங்க போய் மாத்திக்கலாம்" என்றார். ஒன்றரை லட்ச ரூபாயும் வாங்கிக் கொண்டார்.

அவர் சொன்னதில் பாதி நிஜம். அந்த ஆண்டு ஜூலையில், இந்தியர்கள் விசா இல்லாமலே 60 நாள் தங்கலாம் என்று தாய்லாந்து அனுமதித்தது. ஆனால், அது ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு. சம்பளம் வாங்கிப் பாடம் நடத்த அல்ல! அதற்கு, 'நான்-இமிக்ரன்ட் பி' என்ற விசாவும், தொழிலாளர் துறை தரும் ஒர்க் பர்மிட்டும் வேண்டும். பள்ளிக்கூட டீச்சர் என்றால், அந்நாட்டு ஆசிரியர் கவுன்சிலின் லைசென்சோ, தற்காலிக அனுமதியோ கூட வேண்டும். அங்கே போன பின் விசாவை மாற்ற வழி இருக்கிறது. ஆனால், வேலை கொடுப்பவர் காகிதங்கள் தந்தால்தான் அது நடக்கும்.

இவள் சேர்ந்த டியூஷன் சென்டர்காரர் கடைசி வரை தரவில்லை. "அடுத்த மாசம், அடுத்த மாசம்" என்றே ஓட்டினார். நாள் முடியும் போதெல்லாம் லாவோஸ் எல்லை வரை பஸ்சில் போய், திரும்பி வந்து, 'டூரிஸ்ட்' என்றே முத்திரை வாங்கியிருக்கிறாள். நாலாவது மாதம் சம்பளம் நின்றது. கேட்டதற்கு, "போலீஸ்ல போய் சொல்லேன்" என்று சிரித்தாராம்!

எப்படிச் சொல்வாள்? பர்மிட் இல்லாமல் வேலை பார்த்தால், அந்த நாட்டுச் சட்டப்படி 5,000 முதல் 50 ஆயிரம் பாட் வரை அபராதம். நாட்டை விட்டு அனுப்புவார்கள். இரண்டு வருடத்துக்கு பர்மிட்டே கேட்க முடியாது. முதலாளிக்கும் அபராதம் உண்டுதான். ஆனால், ஊர் விட்டு ஊர் வந்த பெண்ணுக்குத்தானே பயம் அதிகம்? இரண்டு மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து சேர்ந்தாள்.

அதே ஊரில், முறையான பர்மிட்டோடு ஒரு கேரளத்துப் பெண் பள்ளியில் வேலை பார்த்தாளாம். அவளுக்கும் ஒரு மாதம் சம்பளம் இழுத்தடித்தார்கள். "லேபர் ஆபீசுக்குப் போறேன்" என்றாள். மறுவாரமே பணம் வந்துவிட்டது. "சித்தி, அவளை விட நான் நல்லா இங்கிலீஷ் பேசுவேன். ஆனா, அவ கையில பேப்பர் இருந்துச்சு" என்று என் அக்கா மகள் சொன்னபோது, எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

தோழியரே... பத்தாவது பாஸ் செய்தாலே, வெளிநாட்டு வேலைக்குப் போக குடியேற்ற அனுமதி தேவைப்படாத பாஸ்போர்ட் கிடைத்து விடுகிறது. இது நமக்குப் பெருமைதான். ஆனால், பட்டதாரிப் பெண்ணின் வேலை ஒப்பந்தத்தை பெரும்பாலும் எந்த அரசு ஆபீசும் வாங்கிப் பார்க்காது என்பதும் இதற்குள் அடக்கம். அப்படியானால், பார்க்க வேண்டியது யார்? பெற்ற நாம்தான்!

ஏஜென்ட், வெளியுறவுத் துறையில் பதிவு பெற்றவரா என்று, 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் பாருங்கள். பதிவு பெற்றவர் சர்வீஸ் சார்ஜாக 30 ஆயிரம் ரூபாயும், ஜி.எஸ்.டி.,யும்தான் வாங்கலாம். வேலை ஒப்பந்தம் கைக்கு வரட்டும். எந்த விசா, அதை யார் எடுத்துத் தருவது என்று அதில் எழுதியிருக்கட்டும். வேலைக்கான விசா கைக்கு வந்த பிறகு டிக்கெட் போடுங்கள். "அங்க போய் பார்த்துக்கலாம்" என்று யார் சொன்னாலும், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

பெண்ணை அனுப்பாதீர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். நம் பெண்களின் ஆங்கிலத்துக்கு வெளியே மதிப்பு இருக்கிறது. அரைப் பவுன் தோடு வாங்கினாலும் ஹால்மார்க் முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற நாம், பெற்ற பெண்ணை அனுப்பும்போது மட்டும், "சம்பளம் எவ்வளவு?" என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திக் கொள்ளலாமா?

அக்கா மகள் இப்போது மறுபடி விண்ணப்பம் போடுகிறாள். இந்த முறை அக்கா கேட்கிற முதல் கேள்வி, "என்ன விசாடீ?"

— ஒரு சித்தி, விருதுநகர்.