தயிரும் சோப்பும்

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்பது ஆன்றோர் வாக்கு. எங்கள் வீட்டில் யாருக்கேனும் வயிற்றுப்போக்கு வந்தால் பாட்டி தயிர்சாதம் பிசைந்து தருவார். தினமும் தயிர் உண்டால் அந்நோய் வரவே வராது என்றும் சொல்வார். இது எவ்வளவு உண்மை?

குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்கள் அமிலத்தைச் சுரந்து, நோய்க்கிருமிகளுக்கு இடமில்லாமல் செய்கின்றன. இதைச் சோதிக்க, கொல்கத்தாவின் குடிசைப் பகுதி ஒன்றில் 3,758 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தனர். ஒரு சாராருக்கு 'லாக்டோபாசில்லஸ் கேசி ஷிரோட்டா' என்னும் பாக்டீரியா கலந்த பானமும், மற்றவர்க்கு அது கலவாத பானமும் 12 வாரங்கள் நாள்தோறும் கொடுத்தனர். 2011-இல் வெளியான முடிவின்படி, பாக்டீரியா பெற்றவர்களிடையே வயிற்றுப்போக்கு 14 விழுக்காடு குறைந்தது.

பயன் உண்டு, ஆனால் சிறியது. வீட்டுத் தயிரில் அதே பாக்டீரியா இருக்குமென்றும் சொல்ல முடியாது. சோப்பிட்டுக் கை கழுவினாலோ இந்நோய் சுமார் 30 விழுக்காடு குறைகிறது!

சென்ற ஆண்டு என் தம்பி வயிற்றுப்போக்கால் துவண்டு மூன்று நாள் மருத்துவமனையில் கிடந்தான். அவனைத் தேற்றியது உப்புச் சர்க்கரைக் கரைசலே. எங்கள் வீட்டில் தயிர் இல்லாத நாளில்லை. குழாயடியில் சோப்புதான் இருந்ததில்லை.

தோழியரே, தயிரை மகிழ்ந்து உண்போம்; அதை நம்பிக் கை கழுவ மறக்க வேண்டாம். பள்ளியின் ஒவ்வொரு குழாயடியிலும் சோப்பு வைக்குமாறு அருட்சகோதரிகளைப் பணிவுடன் வேண்டுகிறேன். அது தீராமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பாகட்டும்!

— பத்தாம் வகுப்பு மாணவி