மலைச் சிறுவனின் பஞ்சாங்கம்

கோடை விடுமுறை வந்தால் சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காடு செல்லும் குடும்பங்கள் பல. ஏரியில் படகு, லேடீஸ் ஸீட்டில் காற்று, மாலையில் திரும்புதல். அத்துடன் சேர்வராயன் மலையைப் பார்த்தாகிவிட்டதென்று நம் குழந்தைகள் எண்ணுகிறார்கள்.

செம்மநத்தம் போன்ற மலைக் கிராமத்துச் சிறுவனுக்கோ அந்த மலையே பஞ்சாங்கம். கோடை மழை பெய்த பத்து நாளைக்குள் காப்பிச் செடிகள் வெள்ளை வெளேரென்று பூத்து, மல்லிகைபோல் மணந்து, இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழா. கார்த்திகை, மார்கழிப் பனியில் பழம் சிவக்கும். தாய்மார்கள் தோட்டத்துக்குப் புறப்படுவார்கள். 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் துரை கொணர்ந்த செடி, மலை ஜனங்களின் வருஷத்தை இவ்விதம் வகுத்துவிட்டது.

பழம் பறிக்கும் அந்நாட்களில்தான், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளவென்று பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிடும் அபாயம் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை கல்வி குழந்தைகளின் உரிமையென்று 2009-இல் சட்டம் இயற்றப்பட்டது. அறுவடைக்குச் சட்டம் தெரியாது.

ஆகவே பெற்றோர்களே, ஒரு முறையேனும் மார்கழியில் குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள். நாம் காலையில் அருந்தும் காப்பியைப் பறித்த கைகளை அவர்கள் காணட்டும். அந்த வீட்டுப் பிள்ளையின் கையில் புஸ்தகம் இருக்கவேண்டுமென்ற எண்ணம் அவர்களுக்குத் தானே உதிக்கும்.