தணிந்த மலைகளின் வழியே



இந்த இதழ் தயாரானபோது ஆசிரியர் குழுவில் ஒரு விவாதம் எழுந்தது. சந்தடியில்லாத மலைச்சாலைகளைப் பற்றிச் சைக்கிள் சிறப்பிதழ் போடுவதென்று முடிவாகி, கட்டுரைகளும் கைக்கு வந்துவிட்டன. குழுவில் வயதில் இளையவர் கேட்டார்: "சார், நாம எழுதினா கூட்டம் போகுமே. அப்புறம் அது எப்படிச் சந்தடியில்லாத சாலையா இருக்கும்?" சட்டென்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கார்த்திகைக் கடைசியில் ஒரு சனிக்கிழமை விடியலில் சைக்கிளோடு வாணியம்பாடியில் இறங்கி, ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினேன். அவர் கேள்விக்கு அங்கேதான் பதில் கிடைத்தது.

மலை என்றதும் நம் மனம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஓடுகிறது. சைக்கிளுக்கு உகந்தவை கிழக்குத் தொடர்ச்சி மலைகள் என்பது என் அனுபவம். ஜவ்வாது, ஏலகிரி, சேர்வராயன், கல்ராயன், கொல்லி, பச்சைமலை என்று விட்டு விட்டு எழுந்து நிற்கும் குன்றுக் கூட்டங்கள் அவை. உயரம் தணிவு, காடு அடர்த்தி. காலையில் அடிவாரத்தில் டீ குடித்துவிட்டு மிதித்தால், மத்தியானச் சாப்பாட்டை மேலே ஒரு கிராமத்தில் முடித்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் மறுபக்கம் இறங்கிவிடலாம். ஜவ்வாது அடிவாரத்தில் உள்ள திருப்பத்தூர்ச் சமவெளியே கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 390 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலைமேல் உள்ள காவலூர் 725 மீட்டர். ஏற வேண்டியது முந்நூற்றுச் சொச்சம் மீட்டர்தான். நாற்பது வயதைத் தாண்டியவர்களும் நிதானமாக மிதித்தால் ஏறிவிடலாம்.

ஆலங்காயம் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் கியரைக் குறைத்தேன். சங்கிலியின் மெல்லிய சத்தம், என் மூச்சு, இரண்டைத் தவிர வேறு ஓசையில்லை. ஒரு வளைவில் தண்ணீர் குடிக்க நின்றபோது அந்த இரண்டும் அடங்கின. அதன்பிறகுதான் காடு பேசத் தொடங்கியது. எங்கோ ஒரு செம்போத்து 'உக் உக்' என்றது. சருகுக்குள் ஓணான் ஓடியது. தூரத்தில் யாரோ விறகு வெட்டும் ஓசை கேட்டது; அது நின்ற பிறகும் எதிர்மலையிலிருந்து ஒருமுறை திரும்பி வந்தது. இதே பாதையில் பலமுறை காரில் போயிருக்கிறேன். இவற்றில் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை.

காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்குள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உண்டு என்பதற்கான அடையாளத்தை 1977-ல் பதிவுசெய்த இடங்களில் காவலூரும் ஒன்று. நகர வெளிச்சம் எட்டாத இருட்டைத் தேடி வானியலாளர்கள் இந்த மலைக்கு வந்தார்கள். பல கோடி மைல் தொலைவிலிருந்து வரும் மங்கிய ஒளியைப் பார்க்க, பக்கத்தில் விளக்கு எரியக்கூடாது. அந்த வாசலருகே சைக்கிளைச் சாய்த்து நின்றபோது, செம்போத்தின் குரல் எனக்கு ஏன் கேட்டது என்பதும் புரிந்தது. இருட்டைப் போலவே அமைதியும் ஒரு செல்வம். யாரோ காத்துவைப்பதால்தான் அது மிஞ்சுகிறது.

காத்துவைப்பவர்களில் ஒருவரை ஜமுனாமரத்தூர் போகும் வழியில் பார்த்தேன். சாலையோரப் புளியமரத்தடியில் சாக்கை விரித்து, நெல்லிக்காயைக் கூறுகட்டி வைத்திருந்தார் ஒரு பாட்டி. இந்த மலையின் பழங்குடிகளான மலையாளிகள் இனத்தவர், பேசுவது தமிழ்தான். பின்னால் அறுத்த சாமை வயல். தாள் காய்ந்துகொண்டிருந்தது.

"ஏன் சாமி, பஸ்ஸு தவறிப்போச்சா?" என்றார்.

"இல்ல பாட்டி, சைக்கிள்லயே போகணும்னுதான் வந்தேன்" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இரண்டு நெல்லிக்காயை எடுத்துக் கொடுத்தார். "இதத் தின்னுட்டுத் தண்ணி குடி. மேடு தெரியாது." கடித்தேன், துவர்ப்பு நாக்கைப் பிடித்தது. பாட்டிலில் இருந்த தண்ணீர் அதன்மேல் பட்டதும் தித்தித்தது. ஒரு கூறு வாங்கிக்கொண்டேன். பேச்சுவாக்கில் அவர் சொன்னார்: "ஞாயித்துக்கிழமையானா பைக்குப் பசங்க கூட்டமா வருதுங்க. ஆரன் சத்தத்துல ஆடு கண்ட பக்கம் ஓடுது. நீ வந்தது கோழிக்குக்கூடத் தெரியல பாரு."

உண்மைதான். அவர் கோழி என் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே கிளறிக்கொண்டிருந்தது.

நம் குழுவின் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் அந்தக் கோழிதான். ஒரு சாலையின் அமைதி, எத்தனை பேர் போகிறார்கள் என்பதைப் பொறுத்து மட்டும் கெடுவதில்லை; எப்படிப் போகிறார்கள் என்பதிலும் இருக்கிறது. ஆகவே இந்த வழிகளை எழுதுகிறோம். கூடவே அந்தப் பாட்டியின் சொல்லையும் எழுதுகிறோம்.

இந்த இதழில் ஜவ்வாது மலையோடு இன்னும் மூன்று பாதைகள் உண்டு. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் தமிழ்ப் புலவர்கள், மன்னர்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். காரில் அவை கண்ணில் பட்டு மறையும். சைக்கிளில் ஒவ்வொரு பெயரையும் வாசித்து, அடுத்தது யாராக இருக்கும் என்று யோசிக்கவே நேரம் இருக்கிறது. திண்டுக்கல்லுக்கு அருகே உள்ள சிறுமலைக்கு 18 வளைவுகள். ஏறி முடித்த களைப்புக்கு, புவிசார் குறியீடு பெற்ற அந்த மலை வாழைப்பழமே மருந்து. ஏற்காட்டுக்குச் சேலத்திலிருந்து ஏறும் 20 வளைவுப் பாதையை எல்லோரும் அறிவார்கள். குப்பனூர் வழியாக ஏறும் பாதையில் கூட்டம் குறைவு. அதைத்தான் நம் கட்டுரையாளர் தேர்ந்தெடுத்திருக்கிறார். கொல்லிமலையின் 70 வளைவுகளை ஓரிரு ஆண்டு பழகிய கால்களுக்கு விட்டுவைப்போம்.

புறப்படும் முன் ஒரு வார்த்தை. ஏற்றம் யாரையும் அடிப்பதில்லை, இறக்கம்தான் அடிக்கும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மலை இறக்கத்தில் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தேன். கட்டை உரசி உரசி விளிம்பு கொதித்து, வளைவில் டியூப் வெடித்தது. முழங்கை கிழிந்ததோடு தப்பித்தேன். கீழிருந்து வந்த பஸ்ஸை நிறுத்தி, கண்டக்டர் இறங்கி வந்து என்னைத் தூக்கி உட்காரவைத்தார். அன்று கற்றது இது: வளைவுக்கு முன்பே அழுத்தி வேகத்தைக் குறையுங்கள், பிறகு விடுங்கள். முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் விட்டு விட்டுப் பிடியுங்கள். உதிரி டியூப், பம்பு, இரண்டு பாட்டில் தண்ணீர் கட்டாயம். வளைவில் மணி அடித்தால் போதும். ஸ்பீக்கரில் பாட்டு வேண்டாம். ஜவ்வாது கரடி நடமாடும் காடு, இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள். பிஸ்கட் உறையைச் சட்டைப்பையில் போட்டுக் கீழே கொண்டுவாருங்கள். குரங்குக்கு எதுவும் கொடுக்காதீர்கள். சாலையோரத்தில் நெல்லிக்காயோ சாமையோ தேனோ கண்டால் பேரம் பேசாமல் வாங்குங்கள்.

போளூர்ப் பக்கம் இறங்கியபோது வெயில் தாழ்ந்திருந்தது. பையில் மிச்சமிருந்த நெல்லிக்காய்களைத் திங்கட்கிழமை அலுவலகத்துக்குக் கொண்டுவந்து, கேள்வி கேட்ட இளையவர் மேசையில் வைத்தேன். அந்தக் கோழியைப் பற்றியும் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "சரி சார், போடலாம். ஆனா அந்தப் பாட்டி சொன்னத முதல் பக்கத்துலயே போடணும்" என்றார். போட்டுவிட்டேன்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலும் இப்படி ஒரு தணிந்த மலை இருக்கும். மிதித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். எத்தனை கிலோமீட்டர் என்பதோடு, வழியில் நின்ற இடத்தில் உங்களுக்கு என்ன கேட்டது என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்