விலாசமில்லாக் கடிதங்கள்

கடிதம் எழுதும் வழக்கம் அருகிவிட்டதென்று இரங்காதார் இன்று இல்லை. இரங்குதல் எளிது, அதனை அருகச் செய்தவர் யாவர் என்று ஆராய்தல் அரிது. கைத்தொலைபேசியின்மேற் பழியைச் சுமத்திவிட்டு நாம் அமைதியடைகின்றோம். அப்பழியிற் பெரும்பங்கு பள்ளிக்கூடத்துக்கு உரியதென்பது என் துணிபு.

டென்மார்க்கு நாட்டிலே 1624 ஆம் ஆண்டு தொடங்கிய அரச அஞ்சற் சேவை, கடித விநியோகத்தை 2025 ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்துவதாக அறிவித்தது. 1857 ஆம் ஆண்டில் முதல் முத்திரையை வெளியிட்ட நமது நாட்டுக்கு அந்நிலை இன்னும் வந்திலது. தபாற்காரர் படலைக்கு வருகின்றார். ஆயினும் அவர் கொணர்வன வங்கியின் அறிவித்தலும் கந்தோர்க் கடிதமுமே. மனிதர் மனிதருக்கு எழுதியது அவர் பையில் அரிதாகிவிட்டது.

தொலைபேசியை இகழ்தல் என் நோக்கமன்று. கனடாவிற் பிறந்த பேரனின் முகத்தை வடமராட்சியில் இருக்கும் பாட்டி நாள்தோறும் காண்கின்றாள். இஃது எங்கள் முன்னோர் கனவிலும் கருதாத பேறு. ஆயினும் கண்டு பேசுதல் வேறு. கருதி எழுதுதல் வேறு. பேச்சிலே இடைமறிப்பார் உளர். சொல்ல எண்ணியது சொல்லாமலே போவதும் உண்டு. கடிதம் எழுதுவோன் எதிரில் இல்லாத ஒருவரை நெஞ்சில் இருத்துகின்றான். அவர் எந்நிலையில் இருப்பார், எதனை அறிய விரும்புவார் என்று எண்ணிய பின்னரே எழுதத் தொடங்குகின்றான். அவ்வெண்ணமே கடிதம், தாளும் மையும் அதன் உடல்.

சிலப்பதிகாரத்தில் மாதவி கோவலனுக்கு இருமுறை எழுதுகின்றாள். முதல் முடங்கல் தாழை மடலில் எழுதியது. இளவேனிலின் ஆட்சியையும் அதனாலாகும் காதற்றுயரையும் சொல்வது. கோவலன் அதனை ஏற்றிலன். இரண்டாவது முடங்கல், அவன் மதுரைக்குச் செல்லும் வழியிற் கோசிகமாணி கொணர்ந்தது. அதிலே மாதவி அடிவணங்கித் தொடங்குகின்றாள். பெற்றோருக்குச் செய்யும் பணியையும் விட்டு, குலமகளோடு இரவில் ஊர்நீங்குதற்குக் காரணமான பிழை யாதென்று அறியாது நெஞ்சம் கலங்குவதைத் தெரிவிக்கின்றாள். படித்த கோவலன், தீது தன்னுடையதே எனத் தெளிந்தான். அவ்வளவில் நின்றானுமல்லன். அம்முடங்கலின் வாசகம், தான் தன் பெற்றோருக்கு எழுதவேண்டியதற்கும் பொருந்துவதைக் கண்டு, அதனையே அவர்களிடம் சேர்க்கும்படி கோசிகமாணியிடம் கொடுத்தனுப்பினான். வேட்கையைப் பேசிய முடங்கல் திரும்பிற்று; பெறுபவரின் நிலையை எண்ணிய முடங்கல் ஒரு குடும்பத்துக்கே பொதுவாயிற்று. கடிதம் எழுதுவார் அறியவேண்டிய இலக்கணம் பெரும்பாலும் இவ்விரண்டினுள் அடங்கும்.

“இவ்விடம் யாவரும் நலம், அவ்விடம் உங்கள் நலமறிய ஆவல்” என்னும் பழைய வாசகத்தை நகையாடுவார் உளர். பொருளற்ற சடங்கு என்பது அவர் கூற்று. போர்க்காலங்களிலே, பிரிந்த குடும்பங்களுக்கிடையிற் சர்வதேச செஞ்சிலுவைக் குழு செய்தித் தாள்களைக் கொண்டுசென்று கொடுப்பதுண்டு. அவை உறையிட்டு மூடப்படாதவை. குடும்பச் செய்தியன்றிப் பிறிதொன்றும் எழுதலாகாது என்பது விதி. அரசியலும் போர்ச் செய்தியும் விலக்கப்பட்டபின் அங்கே எஞ்சி நிற்பது யாது? நலம், நலமறிய ஆவல் என்பதே. 1990களில் யாழ்ப்பாணம் மின்சாரமும் தொலைபேசியும் இழந்திருந்தபோது, அவ்வொரு வரிக்காகத் தபாற்காரரின் வழிபார்த்திருந்தவர்கள் அதனைச் சடங்கு என்னார். தன் காரியத்தைச் சொல்லுமுன் பிறர் நலத்தை வினவ வேண்டும் என்னும் ஒழுக்கத்தையே அவ்வரி கற்பித்தது.

விளித்தலும் அத்தகையதே. எங்கள் வழக்கில் முன்னிலை ஒருவரைச் சுட்டும் சொற்கள் மூன்று: நீ, நீர், நீங்கள். தம்பி முறையானவன் மணமுடித்துத் தந்தையுமாகிவிட்டான். அவனை இனி ‘நீ’ என்பதா, ‘நீர்’ என்பதா? கடிதம் எழுதுவோன் முதல் வரியிலேயே இதற்கு விடை காணவேண்டும். உறவின் அளவை அறியாமல் ஒரு வரியும் எழுத முடியாது. ‘சரி’, ‘வாறன்’ என்னும் வட்ஸ்அப் செய்திகளிலே இவ்வினா எழுவதேயில்லை.

இனிப் பள்ளிக்கூடத்துக்கு வருவோம். கடிதம் எழுதுதல் பாடத்திட்டத்தில் உண்டு, பரீட்சையிலும் உண்டு. வெளிநாட்டு நண்பனுக்கு ஊர்த் திருவிழாவைப் பற்றி எழுதுக என்பர். அந்நண்பன் உலகில் இல்லை. கடிதம் போய்ச் சேர ஓர் இடமும் இல்லை. விலாசம் எப்பக்கம், திகதி எவ்விடம், முடிப்பு எவ்வாறு என்பவற்றுக்குப் புள்ளியிட்டுத் தாளைக் கட்டிவைக்கின்றோம். ஆண்டுக்கணக்காக இவ்வாறு பயின்ற மாணவனுக்குக் கடிதம் என்பது ஒருவருக்கும் எழுதப்படாத ஒன்று. பின்னர் அவன் எழுதவில்லையே என்று வியப்பது என்ன நியாயம்?

பத்தாந் தர வகுப்பொன்றிலே, தபாற்பெட்டியில் ஒரு கடிதமேனும் இட்டவர் யார் என்று வினவினேன். ஒரு கையும் உயரவில்லை. ஒவ்வொருவரும் உண்மையான உறவினர் ஒருவருக்கு எழுதி, உறையிட்டு, விலாசமும் இட்டுக் கொணர்க என்றேன். மறுநாள் ஒரு மாணவன் தயங்கி நின்றான். “சேர், அப்பம்மாவின் பெயர் எனக்குத் தெரியாது” என்றான். கிழமைதோறும் தொலைபேசியிற் பேசுபவன் அவன். கருவியில் அப்பம்மா என்றே பதிந்திருக்கிறது. அதற்குமேல் அறியவேண்டிய தேவை ஏற்படவில்லை. உறையின்மேல் எழுதவேண்டி வந்தபோதே, தன் அப்பம்மாவுக்கும் ஒரு பெயர் உண்டு, ஓர் ஊரும் ஒழுங்கையும் உண்டு என்று வீட்டிற் கேட்டறிந்தான். மூன்று கிழமையில் மறுமொழி வந்தது. நடுங்கிய கையெழுத்து, இரண்டு பக்கம். அதனை வகுப்பு முழுவதற்கும் அவன் படித்துக் காட்டினான். அன்று யான் இலக்கணம் ஒன்றும் கூறவேண்டியிருக்கவில்லை.

ஆதலின் ஆசிரியர்களுக்கு யான் கூறுவது இதுவே. தவணைக்கு ஒரு கடிதமேனும் மாணவர் உண்மையாகவே எழுதி அனுப்புக. ஒரு பாடவேளை போதும். முத்திரைச் செலவு ஒரு பாடசாலை தாங்கக்கூடியதே. பிழைகளைத் திருத்தலாம், புள்ளியிடல் வேண்டாம். புள்ளியிடவேண்டியவர் கடிதத்தைப் பெறுபவரே. புலம்பெயர்ந்த நாடுகளிலே தமிழ் எழுதப் பழகும் பிள்ளைகளுக்கும் நம் மாணவர் எழுதுவாராயின், இருசாராருக்கும் தமிழ் ஒரு தேவையான பொருளாகும். தேவையில்லாத மொழியை எந்தப் பாடத்திட்டமும் வாழவைக்காது.